யூக்கையா வாயாடி

1

இந்தக் கதை ஓர் 'உஷ்ஷ்' ஒலியிலிருந்து பிறந்தது. கதையின் விதை கனவில் கிடைத்தது, ரயிலில் கிடைத்தது என்று சொல்லும் எழுத்தாளர்கள் உண்டு. எனக்கு ஹெட்போனில் கிடைத்தது. பெட்டலூமா ஊரில், முன்பு கோழித்தீவனக் கிடங்காக இருந்த கட்டடத்தில், லிக்விட் பார்ன் என்ற ராக் குழுவின் பழைய கச்சேரி ஒலிநாடாக்களைச் சுத்தம் செய்வது என் பிழைப்பு. (குழுவின் பெயரைத் 'திரவக் கொட்டகை' என்று மொழிபெயர்த்துப் பார்த்தேன். கள்ளுக்கடை மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அது 1978. வானம் ஊதா நிறத்தில் இருந்தது, அல்லது அப்படித் தெரிவதற்கானதை எல்லோரும் விழுங்கி—" அடித்துவிட்டேன். அன்று நான் பிறக்கவே இல்லை.

பிறகு: "இசை என்பது காலத்தின்—" இதற்கு மேல் எழுத என் கைக்கே கூச்சமாக இருந்தது.

நேராகச் சொல்லிவிடுகிறேன்.

2

லிக்விட் பார்ன் ஒரு பாட்டைத் தொடங்கினால் லேசில் முடிக்காது. சாப்பிட்டுவிட்டு வந்தாலும் அதே பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் ஒரு நாள் வாசித்ததுபோல் மறுநாள் வாசிக்கமாட்டார்கள். அதனால் ரசிகர்களுக்கு ஒவ்வொரு நாள் கச்சேரியும் வேண்டும். நேற்றைய சாம்பார் வேறு, இன்றைய சாம்பார் வேறு என்று இரண்டையும் பாட்டிலில் அடைத்து வைப்பவர்கள். கல்யாண நாளை மறப்பார்கள். கச்சேரித் தேதியை மறக்கமாட்டார்கள்.

இவர்களுக்கெல்லாம் ராஜா டெல்மர் ப்ரூயிட். இளமையிலிருந்தே கூட்டத்தின் நடுவில் கம்பு நட்டு, அதன் உச்சியில் மைக் கட்டிக் கச்சேரிகளைப் பதிவு செய்தவர். 1978இல் யூக்கையா ஊர்ச் சந்தைத் திடலில் நடந்த மதியக் கச்சேரிக்கு டெல்மரின் பதிவு மட்டுமே மிஞ்சியது. குழுவின் சொந்த நாடா வேனோடு எரிந்துபோனது. அந்தப் பதிவில், மிக நீண்ட பாட்டின் மிக மெல்லிய இடத்தில், ஒரு பெண் முணுமுணுவென்று பேச ஆரம்பிக்கிறாள். என்ன பேசுகிறாள் என்று புரியாது, ஆனால் நிறுத்தமாட்டாள். கடைசியில் ஓர் ஆண்குரல் 'உஷ்ஷ்' என்கிறது.

கர்ப்பக்கிரகத்தில் திரை விலகும் நேரம் பார்த்து முன்னால் வந்து மறைத்து நின்றவளை என்ன செய்வோம்? அதைத்தான் ரசிகர்கள் செய்தார்கள். 'யூக்கையா வாயாடி' என்று பெயர் வைத்தார்கள். 'உஷ்ஷ்' என்று அச்சடித்த பனியன் விற்றார்கள். டெல்மரிடம் கேட்டால் எல்லாப் பேட்டியிலும் ஒரே பதில்: "யாருன்னே தெரியாது மேன். பக்கத்துல நின்ன யாரோ ஒரு பொம்பளை."

(ஆங்கிலத்தில் அவன், அவர் என்ற தொல்லை இல்லை. தமிழில் எழுதினால் ஒரு மனிதருக்கு எவ்வளவு மரியாதை என்பதை முதல் வரியிலேயே முடிவு செய்தாக வேண்டும். தற்போதைக்கு டெல்மர் 'அவர்'.)

3

"அந்தப் பொம்பளையத் தூக்கிரு," என்றார் ஸ்கிப். எங்கள் ஒலிநாடாக் காப்பகத்தின் மேலாளர்; எழுபது வயது, நரைத்த குடுமி. "சுவடே இருக்கக் கூடாது. சிறப்புப் பதிப்பு போடறோம். ஜனங்க ஆயுசு பூரா இதுக்குத்தான் காத்துக் கெடக்காங்க."

இப்போது அதற்கு மென்பொருள் இருக்கிறது. நெல்லையும் பதரையும் பிரிப்பதுபோல் குரலையும் இசையையும் பிரித்துவிடும். பிரித்தேன். முதலில் இசையை மட்டும் ஓடவிட்டேன்.

ஒன்றுமில்லை.

அதாவது, கிட்டார்காரர் கம்பி மாற்றிக்கொண்டிருந்தார். டிரம்ஸ்காரர் பொழுது போகாமல் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். நடுவில் மேடையிலிருந்து ஒரு குரல், "யார்கிட்டயாவது சாண்ட்விச் இருக்கா?" அவள் மறைத்ததாக உலகம் சபித்த அந்தத் தெய்விக இசை இவ்வளவுதான்.

பிறகு அவள் குரலை மட்டும் ஓடவிட்டேன்.

"டெல்மர், அலாஸ்கால டீச்சர் வேலை கெடச்சிருக்கு. வர்ற வாரம் கெளம்பணும். நான் போகட்டுமா, இருக்கட்டுமா? போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லு, கடுதாசிய இங்கயே கிழிச்சுடறேன். அந்தக் கம்பத்தையே பாக்காத. ஏதாவது சொல்லேன்... டெல்மர்?"

"உஷ்ஷ்."

இந்த இடத்திலிருந்து டெல்மர் எனக்கு 'அவன்' ஆனான்.

4

மறுநாள் பக்கத்து ஊரான செபாஸ்டபோலில் அவன் வீட்டுக்குப் போய் இரண்டையும் போட்டுக் காட்டினேன். சாண்ட்விச் குரல் வந்தபோது அவன் முகம் சுருங்கியது. அவள் குரல் வந்தபோது "லோர்னா" என்று முனகி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மைக் வச்ச எடத்துல பேசக் கூடாது மேன். அது சட்டம்."

"யாரு போட்ட சட்டம்?"

"நான்தான்."

"அவங்க எப்பப் போனாங்க?"

"நான் ஒரேகான்ல கச்சேரி புடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தா வீட்ல நாய் மட்டும் இருந்துச்சு. உஷ்ஷுன்னது அவளப் பாத்து இல்ல. நான் பதில் சொல்லிருவேன்னு பயந்து எனக்கு நானே சொல்லிக்கிட்டது."

(இதை நம்புவதா? வரைவில் இந்த வசனத்தை இரண்டு முறை வெட்டினேன். கதைக்கு வசதியாக ஒருவன் பேசினால் எனக்குச் சந்தேகம் வரும். ஆனால் அவன் சொன்னது அதுதான்.)

"இன்னொரு தடவ போடு," என்றான். "பாட்டு வேணாம். அவ பேசறது மட்டும்." கச்சேரி கேட்கும்போது உட்காருவதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டான். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கவில்லை.

சரி. அவர்.

5

இதற்குள் ஸ்கிப்புக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. வாசகர் இங்கே என்னை மடக்கலாம்: எப்படித் தெரிந்தது? நான்தான் சொன்னேன். அவருக்கு ஏற்பட்டது பரிதாபம் அல்ல, வியாபாரம். "இது தங்கம்ப்பா! தனி இசைத்தட்டாப் போடலாம்!" ஆனால் அதற்கு அவளுடைய அனுமதி வேண்டும். வக்கீல் வைத்து அவளைத் தேடிப் பிடித்தார். அலாஸ்காவிலிருந்து ஓய்வுபெற்றுத் திரும்பிய லோர்னா, ஃபோர்ட் பிராக்கில் கடலோரமாகக் குடியிருந்தார்.

வந்தார். மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் முழுவதும் கேட்டார். ஸ்கிப் அன்பளிப்பாக 'உஷ்ஷ்' பனியன் ஒன்றைக் கொடுத்தார்.

"வாயாடியா? நானா?" லோர்னா சிரித்தார். "எனக்கு அந்தக் குழுவே புடிக்காது. டெல்மருக்காகத்தான் வெயில்ல நின்னேன்."

"சும்மா ஒரு கையெழுத்து, மேடம்."

"பாட்டப் பூராவும் எடுத்துட்டு என் பேச்ச மட்டும் போடுங்க. கையெழுத்துப் போடறேன்."

ஸ்கிப்பும் சிரித்தார். லோர்னா விளையாடவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

டெல்மர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம், ஒலிப்பதிவு அறையில் காத்திருந்தார். லோர்னா கதவைத் திறந்து உள்ளே போனார். என் ஹெட்போனில் இருவர் குரலும் துல்லியமாகக் கேட்டது.

"மைக் ஆன்ல இருந்துச்சு, லோர்னா."

"இப்பவும் ஆன்லதான் இருக்கா?"

டெல்மர் திரும்பி மைக்கைப் பார்த்தார். ஆன்லதான் இருந்தது, ஸ்கிப்பின் ஏற்பாடு. டெல்மர் எழுந்து, குனிந்து, ஒயரைப் பிடுங்கினார். என் காதில் 'டப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

6

பதிப்பு வந்த கதையை முதலில் முடித்துவிடுகிறேன். லோர்னா கையெழுத்துப் போடவில்லை. ஆகவே அவர் குரல் இல்லாமல், கம்பி மாற்றும் ஓசையோடு வெளிவந்தது. வாங்கியவர்கள் காசைத் திருப்பிக் கேட்பார்கள் என்று பயந்தேன். ஒருவர் "மௌனத்தின் உச்சம்" என்று எழுதினார். சாண்ட்விச் கேள்வியில் பசியின் தத்துவம் இருப்பதாக இன்னொருவர் நீண்ட கட்டுரை எழுதினார். புதுப் பனியன் தயாராகிறது.

7

முடிவு. வரைவில் மூன்று இருந்தன.

(அ) டெல்மர் பேச வாயெடுத்ததும் லோர்னா 'உஷ்ஷ்' என்றார். கைதட்டல் வாங்கும் முடிவு. நடக்கவில்லை.

(ஆ) இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள். இது ஸ்கிப் கேட்ட முடிவு. அட்டையில் போட நன்றாக இருக்குமாம்.

(இ) லோர்னா அவரை ஓங்கி ஓர் அறை— இது நான் கோபத்தில் எழுதியது.

நான் பார்த்தது இது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் டெல்மர் பேசினார். மேடையை அல்ல, மைக்கை அல்ல, லோர்னாவின் முகத்தைப் பார்த்துப் பேசினார். நெடுநேரம். லோர்னா கேட்டார். பிறகு அவர் பேசினார், டெல்மர் தலையாட்டினார். எதற்கு ஆம் என்று தெரியவில்லை. வெளியே போனார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. லோர்னா தன் வண்டியில் ஏறி எஞ்சினைப் போட்டார். டெல்மர் ஜன்னலோரம் குனிந்து நின்றார். அந்தப்பக்கக் கதவு டெல்மருக்காகத் திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்பது என் ஜன்னலிலிருந்து தெரியாது.

வெளியே போய்ப் பார்த்திருக்கலாம். "போய்ப் பாருய்யா, என்னதான் பேசிக்கறாங்க!" என்று ஸ்கிப் முதுகில் தள்ளினார். நான் அசையவில்லை.

உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டுமென்றால் படியிறங்கிப் போங்கள். கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். கேட்டதை என்னிடம் வந்து சொல்ல வேண்டாம்.