கோட்டைச் சிமெண்டு

1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12, வெள்ளிக்கிழமை. வானம் மேகமின்றித் தெளிந்திருந்தது. தென்மேற்குக் காற்று மெல்ல வீசியது. நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர்த் துறைமுகக் கப்பல்களின் புகை தெரிந்தது.

அத்துறைமுகத்தைக் காப்பதற்காகவே ஜொகூரின் தென்கிழக்கு முனையில் அக்கோட்டை எழுந்தது. காடு வெட்டப்பட்டது, குன்று குடையப்பட்டது, கடலை நோக்கி இரண்டு பீரங்கிகள் நிறுத்தப்பட்டன. அங்கே சிமெண்டு குழைத்தவர்களுள் சபாபதியும் ஒருவன். லாபிஸ் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தை வெறுத்து வெளியேறிய அவனும் மனைவி பேச்சியம்மாளும் குன்றின் அடியில் மாடு வளர்த்துப் பால் விற்றனர். அவர்களுடைய வாழ்வு ஒரு கிணற்றை நம்பியிருந்தது. அந்தக் கரையோரத்தில் நன்னீர் கிடைத்தது அங்கு மட்டுமே. அடியிலிருந்த களிமண் படுகை உப்புநீரை மேலே வரவிடாமல் தடுத்து வந்தது.

கோட்டைப் பணி முடிந்ததும், மிஞ்சிய சிமெண்டைக் கங்காணி தங்கராஜு சபாபதிக்குக் கொடுத்தார். கிணற்றில் வெறுமனே அடுக்கியிருந்த பழைய கற்களைச் சபாபதி பெயர்த்தெடுத்தான்.

“கல்லுக்கு என்னாங்க கொறச்சலு? அடியில களிமண்ணத் தொடாதீங்க,” என்றாள் பேச்சியம்மாள்.

“சும்மா இரு லா. பீரங்கி மேடைக்கே இப்படித்தான் ஊனுனோம். இனிமே அசையாது.”

பீரங்கி மேடைக்குச் செய்ததைப் போலவே களிமண்ணைத் தோண்டி, வளையச் சுவரை அதில் ஆழமாக ஊன்றினான்.

“என்னா சபாபதி, கிணத்துலயும் பீரங்கி ஏத்தப் போறியா?” என்று கேலி செய்தார் தங்கராஜு.

“ஏத்துனா மொதக் குண்டு ஒங்க வீட்டுக்குத்தாங்க ஐயா!”

அந்த வெள்ளிக்கிழமைதான் முதல் வெடிச் சோதனை. அதிர்வில் உடையாதிருக்கக் கதவுகளைத் திறந்து வைத்துவிட்டு விலகிச் செல்லுமாறு கம்பத்து ஊர்த்தலைவர் வீடுவீடாகச் சொல்லியிருந்தார். இருவரும் மாடுகளை ஓட்டிக்கொண்டு தென்னந்தோப்புக்குச் சென்றனர். நண்பகலில் பீரங்கிகள் முழங்கின. நிலம் அதிர்ந்தது.

அவர்கள் திரும்பியபோது அத்தாப்பு ஓலைக் குடிசை அப்படியே நின்றது. அடுப்பங்கரைச் சட்டிகளில் ஒன்றுகூட உடையவில்லை. கிணற்றின் சுவர் மட்டும் மேலிருந்து அடிவரை பிளந்திருந்தது. அது ஊன்றியிருந்த களிமண்ணும் அதனோடு சேர்ந்து பிளந்திருந்தது.

கலங்கல் தெளியும்வரை காத்திருந்து, பேச்சியம்மாள் ஒரு வாளி இறைத்தாள். செவலைப் பசு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“வாயே வைக்க மாட்டேங்குதுங்க.”

சபாபதி ஒரு கை அள்ளிக் குடித்தான், துப்பினான். மீண்டும் இறைத்தான். இரண்டாம் வாளி முன்னதைவிட அதிகமாக உப்புக் கரித்தது.

செய்தி கேட்டு வந்த தங்கராஜு எட்டிப் பார்த்தார்.

“அலமாக்! அடைச்சுப் பாப்போமாடா?”

“எத வச்சுங்க ஐயா? சிமெண்ட வச்சா?”

தங்கராஜு திரும்பிச் சென்றார். குன்றின்மேல் கோட்டை கீறலின்றி நின்றது.

“லாபிஸ்ல லயத்துல எடம் குடுப்பாங்களாங்க?” என்று பேச்சியம்மாள் கேட்டாள்.

சபாபதி தன் கையால் பூசிய வழவழப்பான விளிம்பை ஒருமுறை தடவினான். பின்னர் வாளிக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி, கிணற்றைப் பலகையால் மூடினான். அப்போது மாலை மணி ஐந்து நாற்பது.