காக்கை தொடாத படையல்

செல்லியம்மாளின் கருமாதியன்று வடக்கனந்தலில் ஒரு காக்கைகூடப் படையலில் வாய் வைக்கவில்லை. பொம்பளை மனக்குறையோடு போயிருக்கிறாள் என்று ஊர் பேசியது. ஊர்ப்பேச்சை என்றுமே நம்பாத அவள் புருஷன் வேடியப்பனுக்கு இது மட்டும் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துவிட்டது. சோறு இறங்கவில்லை.

தை அமாவாசைக்கு மகள் செவ்வந்தி அவரைக் கடலூர் கடற்கரைக்கு அழைத்துப்போனாள். ஐயரை வைத்துச் செய்யலாம் என்றாள்.

“உங்கம்மா மூஞ்சியே தெரியாதவன் இன்னா மந்திரம் சொல்லுவான்? நானே வெக்கிறேன்.”

மணலில் இலை போட்டுச் சோறும் வடையும் வைத்து, கை தட்டிக் காக்கையைக் கூப்பிட்டார். தூரத்துத் தென்னையில் இருந்த காக்கைகள் அசையவே இல்லை. படகுகளைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்த கடற்காக்கைகள்தான் வந்தன. வெள்ளை வெளேரென்று கூட்டமாய் இறங்கி, குழாயடிச் சண்டை போலக் கூச்சலிட்டு, இலையைக் கிழித்துச் சோற்றை வாரின. ஒன்று அவர் கையிலிருந்த வடையை விரலோடு சேர்த்துக் கவ்விப் பிடுங்கியது.

“அது நம்ம காக்கா இல்லப்பா. தொரத்து,” என்றாள் செவ்வந்தி.

“சும்மா இரும்மா. உங்கம்மா என்னிக்குக் கேட்டு வாங்கித் துன்னா? என் தட்டுலேர்ந்து புடுங்கிக்கினு, என்னையே ஏசிக்கினு தான துன்னுவா.”

கோயிலில்கூட ஒற்றைக் கையால் கும்பிடுகிறவர், ரத்தம் கசியும் விரலோடு அந்தக் கூச்சலைப் பார்த்து இரண்டு கையும் கூப்பினார்.

“பையில வடை மீதி இருக்குதா?”

“அது உனக்குன்னு வெச்சது.”

“எனக்கு வயிறு ரொம்பிடுச்சி. கொண்டா.”