சூடம் ஏத்துன வில்லை

எங்க தாளாளர் ஈஸ்வரபாண்டிக்கு இயற்பியல் தெரியாது. தெரியாததுல ஒரு தப்பும் இல்லை. தெரிஞ்ச மாதிரி பேசுறாக பாருங்க, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வரும். நான் உமாதேவி. தேனியில அவுக இன்ஜினியரிங் காலேஜ்லதான் பாடம் எடுக்குறேன்.

மூணு வருசமா கால்சியம் ஃபுளோரைடு பொடியை அழுத்தி, உலையில வேகவச்சு, வில்லை வில்லையாப் பண்ணிப் பாத்தேன். பதினாறு வில்லை மோர் நிறத்துல வந்து மானத்தை வாங்குச்சு. பதினேழாவது தெளிஞ்சு வந்தப்ப உக்காந்து அழுதுட்டேன். பீங்கான் சாதிதான், ஆனா கண்ணாடி மாதிரி ஒளியை விடும். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவையும் அகச்சிவப்பையும்கூட விடும். வெப்பத்தைப் படம் பிடிக்கிற கேமராவுக்கு லென்ஸ் பண்ணலாம். திங்கக்கிழமை பெங்களூர்ல அதை அளந்து, மாசக் கடைசிக்குள்ள ஆய்வேட்டைக் கொடுக்கணும். இல்லேன்னா என் முனைவர் பட்டப் பதிவே ரத்து.

நடுவுல வந்துச்சு 2007 ஆயுத பூஜை. வெள்ளிக்கிழமையே காலேஜ்ல கொண்டாட்டம். ஸ்க்ரூடிரைவர் முதக்கொண்டு எல்லாத்துக்கும் சந்தனப் பொட்டு. "வில்லையில மட்டும் எதையும் பூசிராதீகண்ணே"ன்னு லேப் உதவியாளர் பலவேசத்துக்கிட்ட கெஞ்சினேன். பாவம், அவரு பூசவே இல்லை.

தாளாளர் வந்தாக. "இது என்னம்மா?"ன்னாக.

எனக்குப் பெருமை பிடிபடல. "வெப்பக் கதிர்கூட இதுக்குள்ள தடையில்லாமப் போயிரும் சார்."

"அடேயப்பா! அப்ப இதுக்குச் சூடே ஏறாது! ஏலே பலவேசம், சூடத்தை இதுமேலயே ஏத்துடா!"

"ஐயையோ சார்! கதிர் போறது வேற, நெருப்பு வேற! திடீர்ச் சூடு இதுக்கு ஆகவே ஆகாது!"

மணிச் சத்தத்துல யாரு காதுல விழுந்துச்சு? டிக்குன்னு ஒரு சத்தம். வில்லை நாலு துண்டு. அளக்குற அளவுக்கு ஒரு துண்டும் மிஞ்சல. சூடம் பாட்டுக்கு எரிஞ்சுது, எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டாக.

"ஒன்னு நாலாப் பெருகிருச்சு, நல்ல சகுனம்"னாக தாளாளர். அந்த நேரம் அவுக சட்டையைப் பிடிக்காம இருந்தேனே, அதுக்கே எனக்கு ஒரு பட்டம் கொடுக்கலாம்.

திங்கக்கிழமை பெங்களூருக்குப் பதிலா தாளாளர் ரூமுக்குப் போனேன். பல்கலைக்கழகத்துல ஆறு மாசம் அவகாசம் கேக்க, காலேஜ் கடிதம் வேணும். கடிதம் தயாரா டைப் அடிச்சு வச்சிருந்தாக: 'ஆய்வாளரின் கவனக்குறைவால் வில்லை உடைந்தது. கல்லூரி பெருந்தன்மையுடன் மன்னிக்கிறது. ஆறு மாத அவகாசம் அளிக்க வேண்டுகிறோம்.'

"சார், சூடம்..."

"பூஜையைப் பத்தி எழுதுனா காலேஜுக்குக் கேவலம்மா. கீழ கையெழுத்துப் போடு, இன்னைக்கே அனுப்பிருவோம்."

கையெழுத்துப் போட்டேன். போட்டுட்டு, "ரொம்ப நன்றி சார்"னும் சொன்னேன்.