பதினான்கு தாளக்கட்டுக்கு ஒரே மூச்சு

அங்கியின் நிறத்துக்காகப் பாடகர் குழு வேலைநிறுத்தம் செய்ததால்தான் மலர்விழிக்கு வாய்ப்பு வந்தது. கிள்ளானில் இருந்த அந்தத் தேவாலயத்தில் பெரிய வெள்ளிக்கு ஆறு வாரம் இருந்தது. பாஸ்டர் ஊதா என்றார், குழு வெள்ளை என்றது. இரண்டு தரப்பும் வேதத்திலிருந்தே ஆதாரம் காட்டின.

"இந்த வருஷம் குரலே வேணாம் டீச்சர். நீங்க வாசிச்சிருங்க," என்றார் பாஸ்டர்.

மலர்விழி பிரிக்பீல்ட்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே வயலின் சொல்லிக்கொடுப்பவள். முன்னூறு ஆண்டுப் பழைய ஜெர்மன் தேவாலயப் பாடல்களை எடுத்து, நாலு குரலையும் நாலு வாத்தியத்துக்குப் பிரித்து எழுதுவது அவள் பழக்கம். பதினொரு வருடமாக எழுதுகிறாள். வருடா வருடம் பாஸ்டரிடம் கொண்டுபோய்க் காட்டுவாள், இதுவரை சபையில் ஒன்றுகூட ஒலித்ததில்லை. தைப்பூசத்துக்குப் பத்துமலை ஏறுகிறவளுக்கு இது எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, "கணக்கு சரியா வருதும்மா" என்றாள்.

பாடகர் குழுவின் தலைவி ரூபி ஆன்டி செய்தி கேட்டுச் சிரித்தார். "வார்த்தை இல்லாத பாட்டு, லிஃப்ட்ல போடுற மியூசிக்லா."

அந்த லிஃப்ட் மலர்விழியின் நெஞ்சில் ஏறி இறங்கியது. குரல் இல்லாமலே ஒரு பாட்டு நிற்கும் என்று ஒரே ஒரு தடவை காட்டிவிட வேண்டும்.

எழுதி வைத்ததில் ஒன்றை எடுத்து, தெரிந்த மூன்று பேரைச் சேர்த்தாள். மேல்குரல் அவள் வயலினுக்கு. அடுத்தது ஜனனியின் புல்லாங்குழலுக்கு. மூன்றாவது கிஷனின் கிளாரினெட்டுக்கு. அடிக்குரல் மருந்துக்கடை சாத்தப்பனின் செல்லோவுக்கு. வில்லுக்கு மூச்சு வேண்டாம், குழலுக்கு வேண்டும். ஆகவே மூச்சு விடும் இடங்களைப் பென்சிலால் குறித்திருந்தாள். ஓர் இடத்தை மட்டும் கோட்டை விட்டிருந்தாள். நடுவில் மூன்றாவது குரல் ஒரே சுரத்தைப் பதினான்கு தாளக்கட்டு, ஏறக்குறைய முக்கால் நிமிடம், பிடித்து நிற்கும், மற்றவை அதைச் சுற்றி நடக்கும். பாடகர்கள் என்றால் ஐந்து பேர் முறைவைத்துத் திருட்டு மூச்சு விடுவார்கள். கிஷன் ஒரே ஆள்.

முதல் ஒத்திகையில் அந்தச் சுரத்தின் ஒன்பதாவது தாளக்கட்டில் கிஷன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, நான் ஷா ஆலம் ஃபேக்டரில ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறேன். சாகணும்னா அங்கேயே வழி இருக்கு."

"அந்தச் சுரத்தை எனக்குக் குடுத்துருங்க," என்றார் சாத்தப்பன்.

"அப்ப அடிக்குரல்?"

"அது யாருக்குக் கேக்குது?"

கடைசியில் கிஷனே நாகையாவை அழைத்து வந்தான். கிள்ளான் கோயில் ஒன்றில் நாகையா ஒத்து ஊதுபவர். நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரே சுரத்தை ஊதிக்கொண்டே இருக்கும் குழல் அது. கன்னத்தில் காற்றை அடக்கி மூக்கால் இழுப்பார், சத்தம் அறுபடாது. கோயிலில் மின்சாரச் சுருதிப் பெட்டி வாங்கிய பிறகும் அவரை நிறுத்தவில்லை. பெட்டிக்குத் தேர் தள்ளத் தெரியாது.

"என் ஒத்துக்குச் சுருதி ரெண்டரைக் கட்டை டீச்சர். அது ஏறாது, இறங்காது. நீங்கதான் மாறணும்."

மலர்விழி மாறினாள். நாலு பாகத்தையும் அரைச்சுரம் ஏற்றி மறுபடி எழுதினாள். கிளாரினெட்டுக்கு அது சௌகரியம், வயலின் விரலுக்குத் தண்டனை.

"பதினாலு எண்ணி நிறுத்துங்கண்ணே."

"எண்ணுறதெல்லாம் தவில்காரர் பாடு. பெரியவர் நாயனத்தை இறக்குனா நான் நிறுத்துவேன். முப்பது வருஷமா அப்படித்தான்."

"இங்க பெரியவர் நான்தான்."

"அப்ப நீங்க இறக்குங்க."

நாகையாவுக்கு ஒரு மாலைதான் ஒழிந்தது. அந்தப் பதினான்கை மட்டும் எட்டு முறை வாசித்தார்கள். ஒவ்வொரு முறையும் முடிந்ததும் அவள் வயலினை இறக்கினாள், அவர் நிறுத்தினார். இம்மி பிசகவில்லை.

பெரிய வெள்ளியன்று ரூபி ஆன்டியின் குழு கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தது. பாட்டு தொடங்கியது. ஒத்து சேர்ந்ததும் சபையில் இருமல் நின்றது. மலர்விழிக்குப் பதினொரு வருடமும் சரியென்று பட்டது.

பதினான்கு முடிந்தது. நாகையா நிறுத்தவில்லை.

ஏன் நிறுத்துவார்? வயலின் தோளில் இருந்தது. பாட்டில் இன்னும் இருபது தாளக்கட்டு இருந்தது, மெட்டு அவளிடம் இருந்தது. வயலினை இறக்க அவள் இடமே எழுதவில்லை. செல்லோ வேறு சுரத்துக்கு நகர்ந்தது, ஒத்து நகரவில்லை. தேவாலயத்துக்குள் தேனடை கலைந்தது போலிருந்தது. மலர்விழி புருவத்தை உயர்த்தினாள். நாகையாவும் மரியாதையாக உயர்த்தினார். தலையை ஆட்டினாள். வாசிப்பு பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அவர் இன்னும் அழுத்தி ஊதினார்.

வயலினை இறக்கினால் மெட்டு போகும். இறக்காவிட்டால் பாட்டே போகும்.

இறக்கினாள். ஒத்து அந்தக் கணமே நின்றது. மற்ற மூவரும் மாப்பிள்ளை இல்லாத ஊர்வலம்போல நடந்தார்கள்.

அந்த மெட்டு சபையின் தமிழ்ப் பாட்டுப் புத்தகத்தில் இருந்தது. ஓட்டையைப் பொறுக்க முடியாமல் கடைசி வரிசையிலிருந்து ரூபி ஆன்டி பாட ஆரம்பித்தார், கட்டிய கையை அவிழ்க்காமலே. பிறகு அந்த வரிசை. பிறகு சபை முழுவதும். மலர்விழி வயலினைத் தூக்கிப் பார்த்தாள். மெட்டு சபையிடம் போயிருந்தது, அவளுக்கென்று ஒரு சுரமும் மிச்சமில்லை.

ஆராதனை முடிந்ததும் ரூபி ஆன்டி வந்தார். "நாங்க பாடணும்னுதானே அந்த எடத்தைக் காலியா விட்ட?"

ஆமாம் என்றால் பாராட்டு கிடைத்திருக்கும்.

"இல்ல ஆன்டி. தப்பாப் போச்சு."

ரூபி ஆன்டி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப அடுத்த வருஷம் ஒழுங்கா முழுசா வாசி. நாங்க வாயத் தெறக்க மாட்டோம்." கொஞ்சம் யோசித்து, "முயற்சி பண்றோம்," என்றார்.

மலர்விழி அங்கேயே உட்கார்ந்து பென்சிலை எடுத்தாள். அந்தப் பதினான்குக்கு அடுத்த தாளக்கட்டில் வயலினை இறக்க ஓய்வு என்று எழுதி, அங்கே வரும் மெட்டை ஜனனியின் புல்லாங்குழலுக்கு மாற்றினாள்.