கன்னத்துச் சிவப்பு

என் தங்கச்சி போனில் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள். "அக்கா, நீ வந்து என் தலையை மொட்டை அடிச்சு விடணும். வேற யார் கையும் என் தலையில படக் கூடாது."

அவளுக்கு ரத்தத்தில் நோய். மருந்து ஏற்றினால் முடி கொட்டும். அது தலையணையில் கொத்துக் கொத்தாகக் கிடப்பதைப் பார்த்து அழுவதைவிட முன்னாலேயே எடுத்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் போய்ச் சேரும் அன்று மாலையே அவளைத் தனி அறைக்குள் வைத்துக் கதவை மூடிவிடுவார்கள். அப்புறம் அவள் புருஷனைத் தவிர ஓர் ஈ எறும்புகூட உள்ளே போக முடியாது, வாரக்கணக்கில். அவள் உடம்பில் எதிர்ப்புச் சக்தி என்று பேருக்குக்கூட ஒன்றும் இருக்காதாம். நாமெல்லாம் தும்மிவிட்டு மறந்துபோகிற ஜலதோஷம் அவள் உயிரையே கொண்டுபோய்விடுமாம்.

நான் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். அவள் தலையில் முதன்முதலில் கத்தரி வைத்தவளும் நான்தான். எனக்கே முன்பல் விழுந்து முளைக்காத வயது. அம்மா என் முதுகைப் பழுக்க வைத்துவிட்டாள். அதற்குப் பிறகும் அந்தத் தலை என் பொறுப்புதான். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பின்னும், நான் வரும்வரை முடியைக் காடாக வளரவிட்டுக்கொண்டு காத்திருப்பாளே தவிர, இன்னொரு பார்லர் வாசப்படியை மிதிக்க மாட்டாள். அப்படிப்பட்டவள் கேட்டால் நான் யோசிப்பேனா? ட்ரிம்மரைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன், காலை விமானத்தில் ஏறிவிட்டேன்.

ஜாக்கிரதை என்றால் அப்படியொரு ஜாக்கிரதை. முகத்தில் மாஸ்க். கையில் மருந்து வாசம் அடிக்கிற ஈரத் துடைப்பான் ஒரு பாக்கெட். சாப்பாட்டுப் பலகை, கைப்பிடி, பெல்ட் கொக்கி, ஜன்னல் ஓரம் என்று ஒன்று விடாமல் தேய்த்துத் துடைத்தேன். முன் சீட்டு ஆள் திரும்பிப் பார்த்தார். இந்த அம்மா இங்கேயே குடித்தனம் வைக்கப் போகிறாளோ என்று நினைத்திருப்பார். நினைக்கட்டுமே, எனக்கென்ன.

கடைசியாக ஏறிய ஒருத்தர் என் பக்கத்துச் சீட்டுக்கு வந்தார். சவரம் பண்ணாத முகம், சீப்பைப் பார்த்து நாளான தலை, பித்தான் மாறிப் போட்ட சட்டை. உட்கார்ந்தாரோ இல்லையோ, ஒரு இருமல். நெஞ்சுக் கூட்டை உலுக்குகிற இருமல். முழங்கையை மடக்கி அதற்குள்தான் இருமினார். பையிலிருந்து மாஸ்க் எடுத்துப் போட்டுக்கொண்டார். அதெல்லாம் என் கண்ணில் பட்டது. மண்டையில்தான் ஏறவில்லை.

"ஏன் சார், உடம்பு சரியில்லைன்னா வீட்ல இருக்க வேண்டியதுதானே? ஊருக்கே பரப்பணுமா?"

"ஒட்டுற இருமல் இல்லீங்க, ஆஸ்துமா. லேட் ஆயிடுச்சுன்னு ஓடி வந்தேன், அதான். கொஞ்ச நேரத்துல அடங்கிடும்." மூச்சு மருந்துக் குப்பியை எடுத்துக் காட்டினார்.

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. எத்தனை பேரைப் பாத்திருக்கேன்!"

மணியை அழுத்தினேன். விமானப் பணிப்பெண் வந்தாள். "இவரை வேற எங்கயாவது உட்கார வைங்க. என் தங்கச்சி உயிருக்குப் போராடிட்டு இருக்கா. நான் அவகிட்ட போறேன்" என்றேன்.

அவள் குனிந்து என் காதருகில் சொன்னாள். "சார் ஏறும்போதே டாக்டர் கொடுத்த சர்டிபிகேட்டைக் காட்டினாரும்மா. இது யாருக்கும் ஒட்டாது."

"அப்படியா? அப்ப நீ உட்காரு அவர் பக்கத்துல!"

சுற்றிலும் தலைகள் திரும்பின. என் வாய் அப்படி. பார்லர் பெண்கள் முதுகுக்குப் பின்னால் என்னை 'மைக் செட்' என்பார்கள். அந்த மனுஷர் தானே எழுந்துவிட்டார். "விடும்மா, நான் மாறிக்கிறேன். அவங்க கஷ்டம் அவங்களுக்கு."

விமானம் நிறைந்திருந்தது. யாராவது இடம் மாறினால்தான் உண்டு. கழிப்பறையை ஒட்டிய கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் சந்தோஷமாகக் கை தூக்கினாள். அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த நீளமான இடைவழியில் நடந்து போனார். நடுவில் ஒருமுறை இருமினார். இரண்டு பக்கமும் இருந்தவர்கள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஜெயித்துவிட்டேன் என்றுதான் அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வந்தவளைப் பார்த்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. சால்வையை அழகாகச் சுற்றியிருந்தாள். முடி ஒன்றுகூடக் கலையவில்லை. இதமான வாசனை. முகத்தைப் பார்த்தேன், தொழில்காரி புத்தி அங்கேயே நின்றுவிட்டது. இரண்டு கன்னத்திலும் அப்படியொரு சிவப்பு! திட்டுத் திட்டாக இல்லை, பூசினது தெரியவில்லை, உள்ளிருந்தே ஊறி வந்த மாதிரி. கண் வேறு பளபளவென்று மின்னியது. மணப்பெண்களுக்கு இந்தச் சிவப்பைக் கொண்டுவர நான் என்ன பாடுபடுகிறேன்!

"தப்பா எடுத்துக்காதீங்க. கன்னத்துக்கு என்ன போட்டிருக்கீங்க?"

"ஐயோ, ஒண்ணுமே போடலைங்க!" என்று சிரித்தாள்.

"இயற்கையாவேவா? கொடுத்து வச்சவங்க."

"இங்க ரொம்பக் குளிருதில்ல?" என்று சால்வையை இழுத்து மூடிக்கொண்டாள். எனக்குக் குளிரவில்லை. இருந்தாலும் தலைக்கு மேலிருந்த காற்றை அவளுக்காக அடைத்துவிட்டேன். என்ன அக்கறை பாருங்கள்.

காபி வந்தது. மாஸ்க்கைக் கழற்றினேன், கழற்றினவள் திரும்பப் போடவில்லை. அவள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினாள். இரண்டு பேரும் அதற்குள் கைவிட்டுச் சாப்பிட்டோம். தங்கச்சியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை கதகதவென்று இருந்தது. எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? பின்னால் யாரும் இருமுகிற சத்தமே கேட்கவில்லை. அவர் சொன்ன மாதிரியே அடங்கிவிட்டது போலும்.

விமானம் தரையைத் தொட்டதும் அவள் பையைத் துழாவி ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டாள்.

"தலைவலியா?"

"ஜுரம். வீட்ல எல்லாருக்கும் வரிசையா வந்துச்சு, நேத்துலேர்ந்து எனக்கு. காலைல மாத்திரை போட்டு இறக்கிட்டுதான் ஏறினேன். தெரிஞ்சா ஏத்த மாட்டாங்களே! இப்ப மறுபடியும் ஏறுது போல."

நான் அவள் கன்னத்தையே பார்த்தேன்.

"சாதாரண ஜுரம்தாங்க. பயப்படாதீங்க" என்றாள்.

ஆஸ்துமாக்காரரை அந்த விரட்டு விரட்டிய நான் இவளை என்னவென்று திட்டுவது? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் நான். சும்மா இருந்திருந்தால் அவள் கடைசி வரிசையிலேயே இருந்திருப்பாள்.

பெட்டி வரும் இடத்தில் அந்த மனுஷரைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் கிட்டே போனேன். என்னைப் பார்த்ததும் அவர் அவசரமாக மாஸ்க்கை மூக்குவரை ஏற்றிக்கொண்டு, நான் பெட்டி எடுக்க வழிவிட்டு நகர்ந்து நின்றார். பயந்துவிட்டார். "சார்" என்றேன். "போறேங்க, போறேன்" என்று தன் பெட்டியை இழுத்துக்கொண்டு போயேவிட்டார். செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

டாக்சியில் போகும்போது தங்கச்சி கூப்பிட்டாள். "எங்கக்கா இருக்க? சிக்கெல்லாம் எடுத்துத் தலையைத் தயாரா வச்சிருக்கேன். சீக்கிரம் வா, இங்க ஆளாளுக்கு அவசரப்படுத்துறாங்க."

"வந்துட்டேன்டி" என்று மட்டும் சொன்னேன்.

வார்டு வாசலில் ஒரு நர்ஸ். கதவில் பெரிய கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் தங்கச்சி நாற்காலியில் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதி ஆளாகியிருந்தாள், முடி மட்டும்தான் பழைய முடி. என்னைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் ஆட்டினாள்.

"காய்ச்சல், சளி, இருமல் ஏதாவது இருக்கா?" என்றாள் நர்ஸ்.

"இல்லை."

"அப்படி இருக்கிற யார் பக்கத்துலயாவது இருந்தீங்களா?"

இல்லை என்ற வார்த்தை நுனி நாக்கில் தயாராக நின்றது. யாருக்குத் தெரியப் போகிறது? உள்ளே போய் அவள் தலையைத் தொட்டுவிடலாம். ஆனால் தொடுகிற கை, காலையில் எந்தக் கையைப் பிடித்திருந்த கை?

"இருந்தேன்" என்றேன். நடந்ததைச் சொன்னேன். குளிச்சிட்டு வர்றேன், ரெண்டு மாஸ்க் போட்டுக்கறேன், கையுறை போட்டுக்கறேன், பேசவே மாட்டேன் என்று கெஞ்சினேன். நர்ஸ் நல்லவள், கத்தவில்லை. "நீங்களே சொல்லுங்கம்மா. விடலாமா?" என்று கேட்டாள்.

"வேணாம்" என்றேன்.

தங்கச்சிக்குப் போனில் சொன்னேன். இரண்டு பேருக்கும் நடுவில் கண்ணாடி. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் சந்தோஷத்துக்கும் கத்துவோம், துக்கத்துக்கும் கத்துவோம். "சரிக்கா" என்றாள், அவ்வளவுதான். கத்தியிருக்கலாம்டி பாவி.

வார்டு ஆள் ஒருத்தர் மெஷினோடு வந்தார். போனிலேயே பதறினேன். "பின்னாலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லுடி! முன்னாடி முடி கடைசியாதான் போகணும். அப்பதான் மனசு தாங்கும்." அவள் அதை அவரிடம் சொல்வதற்குள் நெற்றியிலிருந்து உச்சிவரை ஒரு கோடு போட்டுவிட்டார். அவர் மேல் தப்பில்லை. காத்திருக்கிற வேலை அவருக்கு நிறைய. என் கை கண்ணாடியில் தன்பாட்டுக்கு அசைந்தது, இப்படிச் சாய், காதை மடக்கிப் பிடி என்று. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். புருஷன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். இருந்தும் அவள் கை காற்றில் எதையோ தேடியது. நான் முடி வெட்டும்போது என் உடுப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொள்வது அவள் வழக்கம்.

முடிந்ததும் உள்ளறைக்குக் கூட்டிப் போனார்கள். கதவு மூடிக்கொண்டது.

ஆஸ்பத்திரி பக்கத்தில் ஒரு அறை எடுத்துக் காத்திருந்தேன். காலையும் மாலையும் வாயில் தெர்மாமீட்டர். தொண்டை கரகரக்கிறதா என்று எச்சிலை விழுங்கி விழுங்கிப் பார்த்தேன். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். வந்துவிடு, வந்து தொலை என்று வேண்டிக்கொண்டேன். எந்தப் பைத்தியக்காரி ஜுரத்துக்கு வேண்டிக்கொள்வாள்? வந்திருந்தால், நல்ல வேளை உள்ளே போகவில்லை, தங்கச்சியைக் காப்பாற்றினேன் என்றாவது மனசைத் தேற்றிக்கொள்வேன். ஒரு தும்மல்கூட வரவில்லை.