கலங்கல் தண்ணி

கூட்டம் ஆரம்பித்ததிலிருந்து யுவராணி உட்காரவே இல்லை. உட்கார்ந்தால் மைக் அடுத்தவன் கைக்குப் போய்விடும், அப்புறம் திரும்பி வராது. கவுன்சிலராகி அவள் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

"ராத்திரி பெய்ஞ்ச மழைக்கே எங்க வார்டுல முழங்கால் தண்ணி," என்றாள். "நாளைக்குப் புயல் வேற வருது. கீரைக்கொல்லை ஏரிக்கரையில மோட்டார் வந்து நிக்குது. மன்றம் சரின்னு சொன்னா ஓடையில இறைச்சு விட்டுடலாம். இன்னும் என்ன யோசனை?"

ஏரிக்குள்ளேயே மனை போட்டு விற்ற புண்ணியவான் இப்போது எந்த ஊரில் காலாட்டிக்கொண்டு இருக்கிறானோ, வாங்கின ஜனங்கள் மாட்டிக்கொண்டார்கள். யுவராணியும் அதில் ஒருத்தி. காலையில் அவளும் மகள் சுவேதாவுமாகக் கிரைண்டரை மாடிப்படிக்குத் தூக்கிக்கொண்டிருந்தபோதுதான் கன்னியம்மா போன் செய்தாள்.

கன்னியம்மா ஓடையோரம் பள்ளத்தெருவில் இருப்பவள். மண்ணூர்பேட்டை கம்பெனியில் இரண்டு பேரும் வருஷக்கணக்காகப் பக்கத்துப் பக்கத்து பெஞ்சு. தன் வார்டு இல்லாவிட்டாலும் தேர்தலில் யுவராணிக்காகத் தெருத்தெருவாக வந்தவள். புருஷன் உத்தமன் காலில் பிளேட் வைத்துக் கட்டிலோடு கிடக்கிறான்.

"ராணி, கலங்கல் தண்ணி வந்துகினு கீது," என்றாள். "எங்க கவுன்சிலரு போனு போவல. இன்னா பண்றதுன்னே தெரியல."

"வடிகட்டிக் காய்ச்சிக் குடி கன்னி. தண்ணி லாரிக்குச் சொல்லி விடறேன்," என்று வைத்துவிட்டாள் யுவராணி. கிரைண்டர் கை நழுவிக்கொண்டிருந்தது, வேறென்ன பேச முடியும்?

இப்போது எதிர்வரிசையில் எழுந்து நின்றவர் அந்தப் பள்ளத்தெருவின் கவுன்சிலர் திருவேங்கடம். நேற்றுத் திருத்தணிக்குக் கல்யாணத்துக்குப் போனவர், நேராக இங்கே வந்திருந்தார். நெற்றியில் சந்தனம் அழியவில்லை.

"ஏரியில கீற தண்ணிய எடுத்துப் பள்ளத்துல கீறவன் தலையில ஊத்துவீங்க. நல்லா கீது நாயம். கலங்கல் போனாவே எங்க ஓடை தாங்காது. இதுல மோட்டாரு வேறயா?"

கலங்கின தண்ணியைப் பற்றி இந்த ஆள் ஏன் இழுக்கிறார் என்று யுவராணிக்கு எரிச்சல்தான் வந்தது.

தலைவர் பரந்தாமன் இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் தொண்டையைச் செருமினார். "சர்ப்ளஸ் இன்னும் ஓடலை சார். நேத்து சாயங்காலம் ஒரு முழம் கீழே இருந்தது. வழியறதுக்கு முன்னாடி இறைச்சா ஓடை தாங்கும். வழிய ஆரம்பிச்சப்புறம் மோட்டாரும் போட்டா, பள்ளத்தெருவுக்கு ஆபத்து."

"நேத்து சாயங்காலம் பாத்த கணக்கு. ராத்திரி பெய்ஞ்சது எந்தக் கணக்குல கீது?" என்றார் திருவேங்கடம்.

யுவராணி விடவில்லை. "தண்ணி ஏறிடுச்சுன்னு உங்க வார்டுல இருந்து ஒரு ஆள் போன் பண்ணினாங்களாண்ணே? ஒரே ஒரு ஆள்?"

அவர் சட்டைப் பையைத் தடவினார். போன் ராத்திரியே சார்ஜ் இல்லாமல் செத்துவிட்டது. அதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று கையை எடுத்துவிட்டார்.

"தலைக்கு மேல போனா சாண் என்ன முழம் என்னன்னு எங்களால இருக்க முடியாது," என்று முடித்தாள் அவள். கைகள் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறியது. பக்கத்து வார்டு பாஸ்கரன் அவளுக்குக் கைகொடுத்தான். ஏரிக்கரையில் மோட்டாரோடு காத்திருந்த தேவாவுக்கு அவளே போன் போட்டாள். "ஓட விடு தேவா."

திருவேங்கடம் துண்டை உதறித் தோளில் போட்டார். "நீ ஜெயிச்சிட்டம்மா. கலங்கல் போவறப்ப எங்க தெருவுக்கு வந்து பாரு."

"அது என்னண்ணே, சும்மா கலங்கல் கலங்கல்னு? குழாய்த் தண்ணி கலங்கலா வந்தா அதுக்கு மோட்டாரா காரணம்?"

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னாம்மா, ஏரிக்காகச் சண்டை போடற, கலங்கல் தெரியாதா? ஏரி ரொம்பினா தண்ணி வழியற இடம். ஆபீசரு சர்ப்ளஸ் சர்ப்ளஸ்ங்கறாரே, அதான்."

யுவராணி ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா திருநெல்வேலியிலிருந்து பேக்டரி வேலைக்கு வந்தவர். அவர் வாயில் அது மறுகால். ஆபீஸ் காகிதத்தில் உபரிநீர். கலங்கல் என்றால் சேறு என்றுதான் இத்தனை வருஷமும் அவளுக்குத் தெரியும்.

காலையில் வந்த போன் நினைவுக்கு வந்தது. கன்னியம்மா குழாயைப் பற்றியே பேசவில்லை. ஏரி காலையிலேயே வழிந்துவிட்டது. அதன்மேல் மோட்டாரையும் ஓடவிட்டிருக்கிறாள், அதுவும் தன் வாயாலேயே.

"நிறுத்து தேவா," என்றாள் போனில். "இப்பவே நிறுத்து."

"இன்னாக்கா, இப்பதான் ஜம்முனு போவுது."

"நிறுத்துடான்னா."

மைக்கைப் பிடித்தாள். "கலங்கல் காலையிலேயே போயிடுச்சு. எனக்குப் போன் வந்தது, புரியாம வெச்சுட்டேன். என் தீர்மானத்தை நானே திரும்ப வாங்கறேன். பள்ளத்தெருவுக்குப் படகு அனுப்புங்க."

இன்ஜினியர் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். பாஸ்கரன் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தான். "பைத்தியமா உனக்கு? உன் வார்டு ஜனம் செருப்பால அடிக்கும்."

"அடிக்கட்டும்," என்றாள். நாளைக்குப் புயல் வந்தால் அவள் வீட்டுக் கீழ்த்தளம் மிஞ்சாது, அடுத்த முறை ஓட்டும் மிஞ்சாது. அது தெரிந்துதான் சொன்னாள்.

வராந்தாவுக்கு வந்து கன்னியம்மாவைக் கூப்பிட்டாள். நெடுநேரம் மணி அடித்தது. அப்புறம் எடுத்தாள்.

"கன்னி, தண்ணி எங்க வரைக்கும் வந்திருக்கு?"

"கட்டில் காலு முழுகிடுச்சி. அந்தாளைத் தூக்க ஆளில்ல. அவரு பக்கத்துல கட்டில் மேலயே அடுப்பை ஏத்தி வெச்சிகினு கீறேன்."

"அடுப்பா? இப்ப அடுப்பு எதுக்கு?"

"நீதான சொன்ன ராணி, வடிகட்டிக் காய்ச்சிக் குடின்னு. காய்ச்சிகினு கீறேன்."