கடுகின் ஒற்றைச் செருப்பு

வாசல் கதவில் மணி கட்டச் சொன்னது பெயிண்டர்தான்.

"அண்ணே, எங்க அக்கா வீட்டு நாய் மணியடிச்சுத்தான் வெளிய போகுது. கதவுல தாழ்வா ஒரு மணியைத் தொங்க விடுங்க. உங்க நாயை வெளிய கூட்டிட்டுப் போறப்ப எல்லாம் அதோட மூக்கை மணியில இடிக்க வைங்க. சத்தம் வந்ததும் கதவைத் திறங்க. கீழ போய் வேலை முடிஞ்சதும் ஒரு பிஸ்கட்டு. அவ்ளோதான். அப்புறம் பாருங்க, ஆபீசர் மாதிரி மணியடிச்சு உங்களைக் கூப்பிடும்."

முட்டி போட்டு டைல் பதித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "ஊர்ல பூனைக்கு மணி கட்டத்தான் ஆள் கிடைக்கல. நான் நாய்க்குக் கட்டிட்டுப் போறேன்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தும் விட்டார். அவர் சிரித்துப் பல வாரம் ஆகியிருந்தது. அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் பெயிண்டர் டப்பாவுக்குள் குச்சியை விட்டுக் கலக்க ஆரம்பித்தான்.

டைல்ஸ்காரர் வீட்டு நாயின் பெயர் கடுகு. கறுப்பு. இரண்டு கையை ஏந்தினால் அடங்கிவிடும். மகள் வேலைக்கு எடுத்துப்போகும் பையில் வைத்து ஒருநாள் கொண்டுவந்தாள். "கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதுப்பா" என்று அவளே பெயரும் வைத்தாள். அவள் இருந்தவரை அது வீட்டுக்குள் ஒரு சொட்டு விட்டதில்லை. அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனாள். திரும்பி நடந்து வரவில்லை. அதற்குப் பிறகு கடுகு வாசல் கதவோரம் நனைக்க ஆரம்பித்தது.

அந்த வீடு மாடியில் இருந்தது. ஒரு அறை, ஒரு சமையலறை. அதற்குத் தரை போட்ட மகராசன் யாரோ, தண்ணீர் ஓடும் வாட்டத்தைக் குளியலறைப் பக்கம் விடாமல் வாசல் பக்கம் விட்டுவிட்டான். எனவே கடுகு செய்கிற காரியம் கதவுக்கு அடியில் புகுந்து, படி படியாக இறங்கி, நேராக வீட்டுக்காரம்மாவின் வாசலில் போய் நிற்கும். தபால்காரன்கூட அவ்வளவு ஒழுங்காகப் போய்ச் சேரமாட்டான்.

"நானும் மனுஷிதாம்ப்பா" என்றாள் வீட்டுக்காரம்மா. துக்கத்தின்போது மாடியில் வந்து இரண்டு நாள் கூடவே உட்கார்ந்திருந்தவள் அவள். "உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா? ஆனா எனக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கே. அடியாத மாடு படியாதுன்னு சொல்லுவாங்க. உன் பொண்டாட்டி அதை மடியை விட்டே இறக்க மாட்டேங்குறா. இந்த மாசம் பாப்பேன். அதுக்கு மேல யார்கிட்டயாவது குடுத்துடு. இல்ல, வேற வீடு பாத்துக்க."

குடுத்துவிடலாம். ஆனால் கடுகு போனால் அவர் மனைவியும் மிஞ்சமாட்டாள். அது அவருக்குத் தெரியும்.

மகள் போன பிறகு அவர் மனைவி சலவைக்கூடத்து வேலைக்குப் போகவில்லை. படி இறங்கவில்லை. வாசலுக்குப் பக்கத்தில் செருப்பு வைக்கிற பலகை ஒன்று உண்டு. அதில் மகளின் நீல ரப்பர் செருப்பு, இடது கால் மட்டும் இருந்தது. வலது கால் செருப்பு ஆஸ்பத்திரியில் தொலைந்துவிட்டது என்பது மனைவியின் நினைப்பு. தொலையவில்லை. அது டைல்ஸ்காரரின் வேலைப் பையில், கொத்துக் கரண்டிக்கும் ரப்பர் சுத்திக்கும் அடியில் கிடந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில் கிடந்ததை அன்று எடுத்துப் பையில் போட்டவர்தான். வெளியே எடுக்கக் கை வரவில்லை. நாளாக நாளாக, எடுத்தால் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. இடது கால் செருப்பை மகள் தன் கையால் கழற்றிப் பலகையில் வைத்திருந்தாள், அறுந்த வாரைத் தைக்கக் கொடுக்க வேண்டுமென்று. அன்று ஒரு காலில் தன்னுடையதும் மறு காலில் அம்மாவுடையதுமாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அந்த ஒற்றைச் செருப்பைத்தான் கடுகு தினமும் வாயில் கவ்வி இழுத்து வரும். அம்மாவின் காலடியில் போட்டுவிட்டு முனகும். போய் அதன் மேல் முகத்தை வைக்கும். மறுபடி முனகும்.

"பாத்தீங்களா? அவளைத் தேடுது" என்று அவள் அதை வாரி மடியில் போட்டுக்கொண்டு அழுவாள். நாய் நெளியும். திமிறி இறங்கும். கடைசியில் கதவோரம் ஓடிப்போய் நனைத்துவிடும். "ஏங்கி ஏங்கி அதுக்கு உடம்பே தளர்ந்துபோச்சு" என்பாள். துணியை எடுத்துத் துடைத்தபடியே புருஷனைப் பார்ப்பாள். "வாயில்லாத ஜீவன் நினைக்குது. வாய் இருக்கிறவங்க கரண்டியைத் தூக்கிட்டு வேலைக்குப் போயாச்சு."

அவர் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது என்று சொல்லலாம். அது நியாயம்தான். ஆனால் நியாயத்தை வைத்துக்கொண்டு அழுகிறவளிடம் என்ன செய்வது?

மணி விஷயத்தைக் கடுகு மதிக்கவே இல்லை. பழைய சாமான் கடையில் வாங்கிய பித்தளை மணி. சணலில் கட்டித் தொங்கவிட்டார். மூக்கைக் கொண்டுபோய் இடித்தால், சத்தம் கேட்டதும் அது கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது. பிஸ்கட்டை மட்டும் வந்து வாங்கிக்கொண்டது. ஒருநாள் அவரே மண்டியிட்டுத் தன் மூக்கால் மணியை இடித்துக் காட்டினார். நாய் தலையைச் சாய்த்து, பாவம் இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு என்பதுபோலப் பார்த்தது.

"அதுக்கு மணி எதுக்குங்க? அதோட கவலை வேற" என்றாள் மனைவி.

ஒரு விடுமுறை நாள் காலையில் அவள் குளிக்கப் போயிருந்தாள். அவர் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். கடுகு பலகைக்குப் போய்ச் செருப்பைக் கவ்வியது. இழுத்து வந்து அவர் பாதத்தின் மேல் போட்டது. முனகியது.

அவர் அதுவரை அந்தச் செருப்பைத் தொட்டதில்லை. பையில் இருப்பதையே வெளியே எடுக்காதவர் இதை எங்கே தொடுவது? ஆனால் மறுபடி பலகையில் வைக்க வேண்டுமே என்று கையில் எடுத்தார். கட்டைவிரல் அழுந்திய இடத்தில் ரப்பர் குழிந்திருந்தது. அவர் விரலை அந்தக் குழியில் வைத்தார்.

செருப்பு தரையைவிட்டுக் கிளம்பியதோ இல்லையோ, நாய்க்குப் பைத்தியம் பிடித்ததுபோல் ஆனது. முனகல் நின்றது. வால் மட்டுமல்ல, பின்பாதி உடம்பே ஆடியது. கதவுக்கு ஓடியது. திரும்பி அவரைப் பார்த்தது. மறுபடி கதவைப் பார்த்தது.

அவர் எழுந்து கதவைத் திறந்தார். கடுகு உருண்டு புரண்டு படி இறங்கியது. தெருமுனையில் யாரோ கொட்டியிருந்த மணல் குவியலுக்கு ஓடி, காலைத் தூக்கியது. நெடுநேரம் தூக்கியபடியே நின்றது. பிறகு மணலைப் பின்னங்காலால் எத்திவிட்டு, கடமை முடித்த நிம்மதியோடு திரும்பி வந்தது.

டைல்ஸ்காரர் தெருவில், செத்துப்போன மகளின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

டைலைத் தட்டிப் பார்த்தால் அடியில் கலவை நிரம்பியிருக்கிறதா, காலியாக இருக்கிறதா என்று சத்தமே சொல்லிவிடும். அவருக்கு இப்போது அந்தச் சத்தம் கேட்டது. மகள் இருந்தபோது அவரும் மனைவியும் விடிகாலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். மகளுக்கு மதியம் தாண்டித்தான் வேலை. காலை முழுக்க இந்த நாயும் அவளும் மட்டும்தான். செருப்பைக் கொண்டுவந்தால் அவள் மாட்டிக்கொண்டு கீழே கூட்டிப் போயிருக்கிறாள். 'அப்பா, இவனுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்துட்டேன். கேக்கத் தெரியும் இவனுக்கு' என்று ஒருநாள் சாயங்காலம் சொன்னாள். அவர் சுவரில் சாய்ந்து 'ம்' என்றார். அன்றைக்கு முட்டி வலி. எப்படிக் கேட்கும் என்று கேட்டிருக்கலாம்.

இத்தனை நாளும் அது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. இவர்கள் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள்.

சந்தேகம் தீர அன்றைக்கே இன்னும் இரண்டு முறை பார்த்தார். இரண்டு முறையும் அதேதான். இனிச் சொல்ல வேண்டியது ஒன்றுதான் பாக்கி. பகலில் வீட்டில் இருப்பவள் மனைவிதான். அவளுக்குத் தெரிந்தால்தான் நாய் தப்பும். ஆனால் எப்படிச் சொல்வது? 'அது அவளைத் தேடலை, அதுக்கு முட்டிக்கிட்டு வருது' என்றா? அவளோடு சேர்ந்து துக்கப்படுகிற ஒரே ஜீவன் என்று நம்பிக்கொண்டிருக்கிறாளே, அதையும் பிடுங்கவா?

வாழ்நாளில் அவர் அதிகம் பொய் சொன்னதில்லை. அதனால் சொன்ன பொய் நன்றாகவே வந்தது.

"இந்தாம்மா, கடுகு அழுதா மடியில தூக்கி வெச்சுக்காதே. அது அவ நடந்த தெருவைப் பாக்கணும்னு கேக்குது போல. செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுக் கீழ கூட்டிட்டுப் போ. பாத்துட்டு வந்தா அதுக்கு மனசு ஆறும்."

"நானா? கீழயா?"

"உனக்காகவா சொல்றேன்? அதுக்காக."

மறுநாள் வேலையில் இரண்டு டைல் உடைந்தது. பெயிண்டர், "என்னண்ணே, கண்ணு கூரையில இருக்கு?" என்றான். சாயங்காலம் படி ஏறும்போதே அவர் குனிந்து பார்த்துக்கொண்டு ஏறினார். காய்ந்திருந்தது. எல்லாப் படியும்.

வீட்டுக்காரம்மா கதவிடுக்கில் தலையை நீட்டினாள். "பரவாயில்லையே! மணி வேலை செய்யுது போல!"

"ஆமாங்க" என்றார். மணி ஒட்டடை பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் மனைவி மணல் குவியல் வரைக்கும் போனாள். பிறகு பஸ் நிற்கிற இடம் வரைக்கும். பிறகு ஒருநாள், கக்கத்தில் ஒற்றைச் செருப்பை இடுக்கிக்கொண்டு காய்கறி வாங்கி வந்தாள். கடைக்காரர் செருப்பைப் பார்த்தாராம். கூடுதலாக ஒரு கைப்பிடி மிளகாயைப் பையில் போட்டாராம். சமையலில் உப்பு சரியாக விழ ஆரம்பித்தது. மாசமும் முடிந்தது. வீட்டுக்காரம்மா வாய் திறக்கவில்லை.

மழை பெய்த ஒரு சாயங்காலம் அவர் நனைந்து வந்தார். அவள் துண்டு கொடுத்தாள். செருப்பு பலகையில் இருந்தது. கடுகு சாக்கின் மேல் சுருண்டு கிடந்தது.

"ஏங்க" என்றாள். "இது அவளைத் தேடல."

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார்.

"இன்னிக்கு மழைன்னு குடையை எடுத்தேன். செருப்பு எடுக்கல. கதவைத் திறந்ததும் அது சந்தோஷமா வந்துச்சு. காலைத் தூக்குச்சு. அவ பஸ் ஏறுற பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலங்க. உள்ள ஓடி வந்துடுச்சு." அவரை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்குத் தெரியும்."

"ம்."

"அவ பழக்கினதா?"

"அவதான்."

"கெட்டிக்காரி." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அய்யோ, பாவம்ங்க இது. மூத்திரம் வருது, கூட்டிட்டுப் போன்னு கேட்டிருக்கு. நான் கட்டிப் புடிச்சுக்கிட்டு, 'உன் அக்கா வரமாட்டாடா, வரமாட்டாடா'ன்னு..." சிரிப்பு பாதியில் உடைந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "இது அவளை மறந்தே போச்சு. நீங்களும் வேலையைப் பாத்துட்டீங்க. அப்போ இந்த வீட்டுல நான் ஒருத்திதானா அவளைத் தேடிக்கிட்டு இருக்கேன்?"

அவர் வேலைப் பையை இழுத்தார். கரண்டியை எடுத்து வெளியே வைத்தார். ரசமட்டம், ரப்பர் சுத்தி, ஈரச் சாக்குத் துணி. அடியில் கையை விட்டு எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

நீல ரப்பர் செருப்பு. வலது கால். வார் மடிப்பெல்லாம் சிமென்ட் படிந்து வெளுத்துப்போயிருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். முந்தானையால் சிமென்டைத் துடைக்க ஆரம்பித்தாள். போகாத இடத்தில் எச்சில் தொட்டுத் துடைத்தாள். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க, துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவள் ஒரு கையால் அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டாள். மறு கையில் செருப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

செருப்பு தரையைவிட்டுக் கிளம்பியதைக் கடுகு பார்த்துவிட்டது. துள்ளி எழுந்து கதவுக்கு ஓடியது. பின்பாதி உடம்பு ஆட, கதவையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தது.

"இப்பதானேடா போயிட்டு வந்தே" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அதற்கு என்ன தெரியும்? செருப்பைக் கையில் எடுத்தால் கூட்டிப் போவார்கள். அப்படித்தான் அதற்குச் சொல்லிக் கொடுத்தவள் சொல்லியிருந்தாள்.

அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பலகையிலிருந்து இடது கால் செருப்பை எடுத்துக்கொண்டார். அவள் கையில் வலது கால் இருந்தது. மழை விடவில்லை. குடையை எடுக்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. கதவு திறந்தபோது மணி தானாக ஆடிச் சத்தம் போட்டது. கடுகு முன்னால் ஓடியது.